இந்த வருசம் டீம் எப்படி?

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து கூடாரங்களைக் கழற்றியதும், பதுளைப் பக்கத்துப் பாடசாலைகளில் உதைபந்தாட்டப் பயிற்சி சூடுபிடிக்கும். கூடவே மைதானக் கரையில் ஒரு கூட்டமும் சேரும். பழைய மாணவர்கள், த்ரீவீல் ஓட்டுற அண்ணாமார், கொழும்பில் கடை வேலை செய்துவிட்டு லீவில் வந்தவர்கள், எங்களைப் போல கெம்பஸ் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "இந்த வருசம் டீம் எப்படி?"

போட்டிகள் இன்னும் மாதக்கணக்கில் தூரத்தில் இருக்கும். அதனால் யாரும் எதையும் சொல்லலாம். "மாகாண சம்பியன் நம்மதான்" என்று ஒருத்தர் சொல்லுவார். "முதல் மெச்சிலேயே மூட்டை கட்டிருவாங்க, எழுதி வச்சுக்க" என்று இன்னொருத்தர் சொல்லுவார். ரெண்டு பேருக்கும் இப்போதைக்கு ஆதாரம் தேவையில்லை. இந்த மாதங்களின் சுகமே அதுதான்.

நாங்களும் இந்தக் கரையில் நிற்கிற ஆட்கள்தான். இந்தப் பக்கத்தில் எழுதுகிற எங்களில் சிலர் பசறை, ஹாலிஎல, நமுனுகுல, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். இப்போது கலைப்பீடத்தில் படிக்கிறோம். எங்களில் யாருக்கும் பயிற்றுநர் சான்றிதழ் கிடையாது. ஆனால் வருசக்கணக்காகக் கரையில் நின்று பார்த்ததில் எங்களுக்கும் ஒரு கணிப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எந்தப் பாடசாலை என்று பெயர் போடப் போவதில்லை. பதுளையிலிருந்து பண்டாரவளை வரை எந்தத் தமிழ்ப் பாடசாலையின் கரையில் நின்றாலும் கிட்டத்தட்ட இதே டீமைத்தான் பார்ப்பீர்கள்.

முன்வரிசையிலிருந்து தொடங்குவோம்.

பந்து பள்ளத்துக்குப் போனால்

இந்த வருச முன்வரிசை நல்லா இருக்கு. அதில் சந்தேகமில்லை. சின்ன இடத்துக்குள் மூன்று பேரை வெட்டிக்கொண்டு வெளியே வருகிற பையன்கள் இருக்கிறார்கள். காலோடு பந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரையில் நிற்கிற எல்லாரும் ரசிப்பது இதைத்தான்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெனல்டி பெட்டிக்கு வெளியிலிருந்து இவர்கள் கோலுக்கு அடிப்பதே இல்லை. கோச் தொண்டை கிழியக் கத்தினாலும் அடிக்க மாட்டார்கள். உள்ளே கொண்டுபோய், இன்னொருத்தனுக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, கடைசியில் பந்தைப் பறிகொடுப்பார்கள். "தைரியம் இல்லாத பசங்க" என்று கரையிலிருந்து குரல் வரும்.

தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இந்தப் பையன்கள் விளையாடப் பழகியது தோட்டத்து கிரவுண்டில். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. உயர்த்தி அடித்த பந்து பள்ளத்துக்குப் போனால், அடித்தவன்தான் இறங்கிப்போய் எடுத்துவர வேண்டும். அது எல்லாத் தோட்டத்திலும் எழுதாத சட்டம். பத்து வயதிலிருந்து அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்த கால், பந்தைத் தரையோடு வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். தூரத்திலிருந்து அடிக்கக் கற்றுக்கொள்ளாது.

நடுக்களத்திலும் இதே கதைதான். உதைபந்தாட்ட விதிப்படி மைதானத்தின் நீளம் குறைந்தது 90 மீற்றர், அகலம் குறைந்தது 45 மீற்றர். எங்கள் பக்கத்துத் தோட்டத்து கிரவுண்டுகள் பலவற்றில் இந்தக் குறைந்த அளவுக்கே இடம் கிடையாது. மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். அதில் பழகிய டீம் பதுளை வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு மாதிரி ஒரு முழு மைதானத்தில் இறங்கும்போது என்ன நடக்கும்? ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு நீளப் பந்து கொடுத்து ஆட்டத்தைத் திருப்ப யாருக்கும் தெரியாது. எதிரணி பந்தை அகலமாகச் சுற்றவிட்டு எங்களை ஓடவைக்கும். அப்புறம் இரண்டாம் பாதி வரும்.

கடைசி இருபது நிமிசம்

இரண்டாம் பாதியில் எங்கள் டீம் விழும். இது எல்லா வருசமும் நடக்கிறது. முதல் பாதியில் சமமாக நின்றவர்கள் கடைசி இருபது நிமிசத்தில் ரெண்டு மூணு கோல் வாங்குவார்கள். இதற்குக் கரையில் ஒரு ரெடிமேட் விளக்கம் இருக்கிறது: "ஸ்டெமினா இல்ல. ஓடவிடணும். ரவுண்டு அடிக்கவைக்கணும்."

இந்தப் பையன்கள் தினம் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து, பாடசாலை முடிந்து பயிற்சிக்கு நின்று, திரும்ப அதே ஏற்றத்தில் இருட்டில் ஏறுகிறவர்கள். ஓடுகிற பழக்கம் குறைவில்லை. ஓடுவதற்கு வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். காலையில் ரொட்டியும் பிளேன்டீயும், மதியம் கட்டிக்கொண்டு வந்த சோறு, பிறகு மாலை நாலு மணிக்குப் பயிற்சி. நாலு மணிக்கு அந்த வயிற்றில் ஒன்றுமே இருக்காது.

இதை நாங்கள் சும்மா உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் இலங்கை குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வை எடுத்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் எடுத்தால் 17 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் 32 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2016இல் ஐந்து வயதுக்குட்பட்டிருந்த பிள்ளைகள் யார்? இன்றைக்கு ஜூனியர் டீமுக்குப் பெயர் கொடுக்கிற அதே பிள்ளைகள்தான். அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் கிடைக்காமல் போன ஊட்டம், இன்றைக்கு அறுபதாவது நிமிசத்தில் கணக்குக் கேட்கிறது.

"மெஸ்ஸியும் குட்டைதான், அவரு விளையாடலையா?" என்று உடனே ஒருத்தர் கேட்பார். விளையாடினார். சின்ன வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருந்த அந்தப் பையனின் மருத்துவச் செலவைப் பார்சிலோனா கழகம் பொறுப்பெடுத்தது, அதனால் விளையாடினார். எங்கள் பையன்களுக்குக் கழகம் ஊசி போட வேண்டாம். பயிற்சிக்கு முன்னால் ஒரு முட்டை, கொஞ்சம் கடலை, ஒரு வாழைப்பழம் கொடுக்க யாராவது இருக்கிறார்களா?

இதே வரிசையில் வருகிற இன்னொரு பெயர் முரளி. "மலையகத்திலிருந்து முரளி வரலையா, 800 விக்கெட் எடுக்கலையா?" எடுத்தார், பெருமைதான். ஆனால் முரளியின் தாத்தாதான் தோட்ட வேலைக்கு வந்தவர். முரளியின் அப்பா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர், முரளி படித்தது கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில். நல்ல மைதானம், நல்ல பயிற்றுநர், வருசம் முழுக்கப் போட்டிகள் எல்லாம் அங்கே இருந்தன. அவருடைய திறமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. லயத்துப் பையனிடம் அவரை உதாரணம் காட்டும்போது இந்த மிச்சக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

பெஞ்சில் யார் இருக்கிறார்கள்

இனிப் பின்வரிசை. இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு. "இப்போதைக்கு" என்பதைக் கோடு போட்டு வாசியுங்கள்.

பெப்ரவரியில் பயிற்சிக்கு வருகிற டீமும் போட்டியில் இறங்குகிற டீமும் எங்கள் பாடசாலைகளில் ஒன்றாக இருப்பதில்லை. நடுவில் ஆட்கள் உதிர்வார்கள். முதலில் பரீட்சை. முன்பு டிசம்பரில் நடந்த சாதாரண தரப் பரீட்சை, கொவிட்டுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு இடம் மாறி இந்த மாதங்களுக்குள் வந்துவிட்டது. 2024க்கான பரீட்சை நடந்தது 2025 மார்ச்சில். பதினாறு வயதுப் பையன் பயிற்சிக்கு வருவானா, டியூஷனுக்குப் போவானா? வீட்டில் கேட்டால் பதில் தெரியும்.

அடுத்தது பஸ். ஐந்தரைக்குப் பயிற்சி முடிந்தால், மடுல்சீமைப் பக்கமோ லுணுகலைப் பக்கமோ போகிற பையனுக்கு அந்த நேரம் பஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் ஐந்து மணிக்கே பையைத் தூக்குவான். பயிற்சியின் முக்கியமான பகுதி, பதினொரு பேரும் சேர்ந்து ஆடுகிற அந்தக் கடைசி அரைமணித்தியாலம், அவனுக்குக் கிடைக்காது. "அவன் டீமோட ஒட்ட மாட்டேங்குறான்" என்று கரையில் பேசிக்கொள்வார்கள். பாவம், அவன் பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது, வேலை. சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவு வருகிற வரைக்கும் கொழும்பில் ஏதாவது கடையில் நிற்கப் போகிற பையன்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வருகைக் கொடுப்பனவு 200ஐயும் சேர்த்து 1,750 என்றார்கள். அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான். கொழுந்து குறைந்து அரைப்பேர் போட்டால் அரைச் சம்பளம். ஒரு ஜோடி பூட்ஸ் வாங்க அம்மா எத்தனை நாள் பேரை அப்படியே கொடுக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு நம்மைவிட நன்றாகக் கணக்குத் தெரியும்.

போன வருசம் இதுக்கெல்லாம் மேலே டித்வா புயல் வந்தது. நவம்பர் கடைசியில் பதுளை மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. மண்சரிவில் வீடுகளும் உயிர்களும் போயின. ரோடும் ரயில்பாதையும் உடைந்தன, உயர்தரப் பரீட்சை இடையில் நின்றது. 2014 மீரியபெத்தையை மறக்காத ஒரு மாவட்டத்துக்கு இது வெறும் செய்தி இல்லை. இந்த வருசப் பயிற்சிக்கு வராத சில பையன்கள் எங்கே என்று கேட்டால், "சொந்தக்காரங்க வீட்டுல இருக்காங்க" என்ற பதில்தான் கிடைக்கிறது. டீம் பலமா பலவீனமா என்று பேசுகிறவர்கள் முதலில் இந்த வெற்றிடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே நேரம்

அமெரிக்காவிலும் இதே மாதங்களில் இதே பேச்சுத்தான் நடக்கும். அங்கே பல்கலைக்கழக அணிகள் விளையாடுகிற ஃபுட்போல் வேறு. கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற, ஹெல்மெட் போட்ட ஆட்டம். சீசன் தொடங்குவது ஓகஸ்ட் கடைசியில்தான். ஆனால் மார்ச், ஏப்ரலில் வசந்தகாலப் பயிற்சி என்று ஒன்று நடக்கும். விதிப்படி 15 பயிற்சிகள். அந்தப் பதினைந்தையும் பார்த்துவிட்டு ரசிகர்கள் வருசம் முழுவதற்கும் ஜாதகம் எழுதுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பயிற்சி முடிவில் தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கக்கூடச் சில ஊர்களில் பல்லாயிரம் பேர் திரளுவார்கள்.

சிரிப்பு என்னவென்றால், அவ்வளவு பணமும் மைதானமும் இருக்கிற அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு பயம் பொதுவாக இருக்கிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 2025இல் வழமையான வசந்தகால ஆட்டத்தைக் கைவிட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மற்றப் பல்கலைக்கழகங்கள் பார்த்துவிட்டு நல்ல வீரர்களை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம்.

இது எங்களுக்குப் புதிதா? பதினான்கு வயதில் ஒரு பையன் மாகாண மட்டத்தில் கண்ணில் பட்டால் போதும். அடுத்த வருசம் அவன் தூரத்து நகரத்துப் பெரிய பாடசாலையொன்றின் ஜெர்சியில் நிற்பான். போகிற பையனுக்கு ஹொஸ்டலும் சாப்பாடும் கிடைக்கிறது, போகட்டும். ஆனால் அமெரிக்காவில் ஒரு வீரன் போனால் அந்தப் பல்கலைக்கழகம் இன்னொருத்தனை எடுக்கும். எங்கள் பாடசாலை யாரை எடுக்கும்? உருவாக்கின பாடசாலைக்கு ஒரு செட் பந்துகூட நன்றியாகத் திரும்பி வருவதில்லை.

ஒரு மெச்சுக்காக மூன்று மாதம்

இதுவரை சொன்னதெல்லாம் தெரிந்த கதை என்று சிலர் நினைப்பீர்கள். வறுமை, சம்பளம், பஸ் என்று மலையகத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இங்கேதான் நிறுத்துவார்கள். நாங்கள் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பார்வையில் இதுதான் முக்கியமானது, காசு அதிகம் இல்லாமலே மாற்றக்கூடியதும் இதுதான்.

எங்கள் பாடசாலை அணிகள் விளையாடுகிற போட்டிகளின் எண்ணிக்கை வெட்கப்படுகிற அளவுக்குக் குறைவு. வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிகள் இருக்கின்றன. கீழ்ப்படிகளில் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வெளியே என்ற முறையில்தான் நடக்கின்றன. கணக்குப் போடுங்கள். 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். எட்டு அணிகள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகும். மூன்று மாதம் பயிற்சி எடுத்த பையனுடைய அந்த வருசம் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு கோலியின் கையிலிருந்து ஒரு பந்து நழுவினால், வருசம் முழுக்க அவன் பெயர் "ஓட்டைக் கை".

அதே பதினாறில் பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகள் ஆறு சேர்ந்து லீக் முறையில் ஆடினால், ஒவ்வொரு அணிக்கும் ஐந்து ஆட்டம். சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் ஆடினால் பத்து. சனிக்கிழமை காலைகளில் வைத்தால் பஸ் பிரச்சினையும் பாதி தீரும். பத்து ஆட்டம் ஆடுகிற பையன் பெரிய மைதானத்தைப் பார்த்து மிரள மாட்டான். தோற்ற அடுத்த வாரமே திருத்திக்கொள்ள அவனுக்கு இன்னொரு ஆட்டம் இருக்கும். பயிற்சியை விட்டுப் போகலாமா என்று யோசிக்கிறவனுக்கும் "சனிக்கிழமை மெச் இருக்கே" என்ற ஒரு கொக்கி இருக்கும்.

இது கனவு இல்லை. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடுமீன், ஊரெழு றோயல் என்று ஊருக்கு ஒரு கழகம். பையன் ஊர்க் கழகத்தில் வளர்ந்துவிட்டுத்தான் பாடசாலை டீமுக்கு வருகிறான். பெரியவர்களோடு இடிபட்டு ஆடிப் பழகியவன் பாடசாலைப் போட்டியில் பயப்படுவதில்லை. யுத்தமும் இடப்பெயர்வும் பார்த்த மண்ணில் அந்தக் கழகங்கள் நிற்கின்றன. எங்கள் தோட்டங்களிலும் தீபாவளிக்கும் சித்திரைக்கும் போட்டி வைக்கிறோம். மைக் செட், கொடி, கேடயம் எல்லாம் உண்டு. ரெண்டு நாளில் முடியும். அடுத்த தீபாவளி வரைக்கும் கிரவுண்டில் மாடு மேயும்.

யாழ்ப்பாணத்தைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணி தேசிய மட்டத்தில் பல தடவை சம்பியனான அணி. கிராமத்துப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை. எங்கள் கரையில் "டீம் எப்படி?" என்று கேட்கிறபோது யாருமே பெண்கள் டீமைக் கேட்பதில்லை, ஏனென்றால் பல இடங்களில் அப்படி ஒன்று இல்லை. எங்களில் பாதிப்பேர் பெண்கள். எங்களுக்குப் பாடசாலையில் கிடைத்தது நெட்போலும் எல்லேயும்தான். கரையில் நின்று பார்க்கலாம், கை தட்டலாம், அதுக்கு மேலே "உங்களுக்கு எதுக்கு". மலை ஏறி இறங்கி வளர்ந்த எங்கள் காலுக்கு என்ன குறை?

படிப்புக் கெட்டுப்போகும்

இதுக்கெல்லாம் ஒரு எதிர்ப்பேச்சு உண்டு. "முதல்ல படிக்கட்டும். விளையாடி என்ன கிழிக்கப் போறானுங்க?" இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் அம்மா அப்பாதான், எங்களுக்குப் படிப்புச் சொல்லித்தந்த ஆசிரியர்கள்தான். தோட்டத்திலிருந்து கெம்பஸுக்கு வருகிறவர்கள் எவ்வளவு குறைவு என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். லயத்திலிருந்து வெளியேற அவர்களுக்குத் தெரிந்த ஒரே வாசல் பரீட்சைதான். அந்த வாசலால் வந்த நாங்கள் அதைக் கிண்டல் பண்ண முடியாது.

அவர்கள் சொல்வதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. இந்த நாட்டில் உதைபந்தாட்டத்தை நம்பி யாரும் வாழ முடியாது. 1995இல் கொழும்பில் இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது. அதே நாட்டின் சம்மேளனத்தை 2023 ஜனவரியில் ஃபீஃபா தடை செய்தது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. இப்போது தேசிய அணியில் வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த வீரர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வரட்டும், நல்லா விளையாடுறாங்க. ஆனால் பசறை மலையில் ஒரு பையன் இருக்கிறானா என்று பார்க்க யாரும் ஏறி வருவதில்லை.

ஆகவே "விளையாடினா பெரிய ஆளாகலாம்" என்ற பொய்யை நாங்கள் சொல்ல மாட்டோம். நாங்கள் சொல்வது வேறு. எங்கள் வகுப்பில் படிப்பை இடையில் விட்டுப் போன பையன்களை யோசித்துப் பார்க்கிறோம். அவர்களில் பலர் பாடசாலைக்கு வந்துகொண்டிருந்ததே நாலு மணிக்கு மைதானத்தில் இறங்கலாம் என்பதற்காகத்தான். டீமிலிருந்து வெட்டிய அடுத்த மாதம் வகுப்பிலும் அந்த நாற்காலி காலியாகும். பரீட்சை முக்கியம் என்று நினைக்கிற அதிபரும் ஆசிரியரும்கூட, பிள்ளையைப் பாடசாலை வாசலுக்குள் கொண்டுவருவது எது என்று பார்க்க வேண்டும். சிலருக்கு அது பந்து.

கரையிலிருப்பவர்களுக்கு ஒரு வேலை

நாங்கள் ரசிகர்கள். மைதானம் தோட்டக் கம்பெனியின் காணியில் இருக்கிறது, போட்டி முறையைத் திணைக்களம் தீர்மானிக்கிறது, சம்பளத்தை யாரோ தீர்மானிக்கிறார்கள். நம் கையில் என்ன இருக்கிறது?

முதலாவது வாய் இருக்கிறது. பதினாறு வயதுப் பையன் ஒரு பந்தைத் தவறவிட்டால், அவன் பெயரோடு அப்பா பெயரையும் தோட்டத்துப் பெயரையும் சேர்த்து இழுக்கிற பழக்கத்தை நிறுத்தலாம். வீடியோ எடுத்துக் குழுமத்தில் போட்டுச் சிரிக்கிற பழக்கத்தையும்தான். அப்படி ஒரு வீடியோவுக்குப் பிறகு மைதானப் பக்கமே வராத பையனை எங்களுக்குத் தெரியும். நல்லா விளையாடுவான்.

இரண்டாவது காசு. பழைய மாணவர் சங்கங்கள் ஒன்றுகூடலுக்கும் டீசேர்ட்டுக்கும் செலவழிக்கிற காசில் ஒரு பகுதியைப் பயிற்சி நாள் சாப்பாட்டுக்குத் திருப்பலாம். கேடயத்துக்கு ஸ்பொன்சர் தேடுகிற மாதிரி முட்டைக்கும் ஸ்பொன்சர் தேடலாம். யாருடைய பெயரும் கல்வெட்டில் வராது, பரவாயில்லை. வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கிற அண்ணன்மார், அக்காமார், இதை வாசித்தால் யோசியுங்கள்.

மூன்றாவது ஒரு கொப்பி. தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் பேர் போடுவார்கள் அல்லவா, செக்ரோல் மாதிரி ஒரு கொப்பி. பயிற்சிக்கு யார் வந்தார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை. பஸ்ஸா, பரீட்சையா, பூட்ஸ் இல்லையா, வீட்டில் கஷ்டமா. காரணத்தையும் எழுதுங்கள். எத்தனை கோல் என்று எழுதி வைக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை எழுத யாரும் இல்லை. ஒரு வருசக் கொப்பி கையில் இருந்தால், அதிபரிடமும் வலயத்திலும் பஸ் டிப்போவிலும் போய்ப் பேசலாம். "கஷ்டமுங்க சேர்" என்று பொதுவாகச் சொல்வதற்கும், "நாலரை மணி பஸ்ஸை ஆறு மணியாக்கினால் இத்தனை பையன்கள் பயிற்சிக்கு நிற்பார்கள்" என்று எண்ணிக்கையோடு சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. லீக் கேட்கப் போகும்போதும் இந்தக் கொப்பிதான் பேசும்.

சரி, இவ்வளவு எழுதிவிட்டுக் கணிப்புச் சொல்லாமல் போனால் கரையில் நிற்கிறவர்கள் எங்களை விட மாட்டார்கள். சொல்கிறோம். முன்வரிசை நல்லம். நடுக்களம் சின்ன மைதானத்தில் நல்லம், பெரிய மைதானத்தில் தடுமாறும். பின்வரிசை நம்பலாம். கோலிக்கு உயரம் போதாது, கைகள் பரவாயில்லை. பெஞ்ச் மெலிவு. இன்றைக்குப் பயிற்சியில் நிற்கிற பையன்கள் எல்லாரும் போட்டி நாளிலும் நின்றால், இந்த டீம் வலயத்தைத் தாண்டும், மாகாணத்தில் அரையிறுதி வரைக்கும் போகும். நாலைந்து பேர் உதிர்ந்தால் முதல் மெச்சோடு சரி.

அந்த நாலைந்து பேர் யார் என்று இப்போதே ஓரளவுக்குத் தெரியும். ஐந்து மணிக்குப் பையைத் தூக்குகிறவன் ஒருத்தன். அண்ணனின் கிழிந்த பூட்ஸில் வருகிறவன் இன்னொருத்தன். போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது.